நாலாவது பிளக்

அந்த வாரம் முழுக்க வண்டி திக்கித் திக்கித்தான் ஓடியது. பாலம் ஏறும்போது இழுவை இருக்காது. சிக்னலில் நிறுத்தினால் குளிர்காய்ச்சல் கண்ட ஆள் மாதிரி உதறும். மிஸ்ஸிங் அடிக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான். நாலு சிலிண்டரில் ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிடும். மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கும்.

எங்களுடையது கேஸில் ஓடுகிற சின்ன லாரி. துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கிடங்குகளில் மூட்டை ஏற்றி மாதவரம் பக்கம் கொண்டுபோய் இறக்குவோம். வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்து சீட்டில் போவேன். வண்டிக்கு ஏதாவது என்றால் நான்தான் பார்ப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் ராயபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கைக்குப் பானா, அதாவது ஸ்பானர், பழகிவிட்டது. மாதா கோயில் தெருவில் ஒரு பெண் நகக்கண்ணில் கிரீஸோடு நடந்து போவதை முதலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

டீசல் லாரியில் இந்தத் தொல்லை இல்லை. கேஸ் வண்டி பெட்ரோல் வண்டி மாதிரி, பொறி தட்டினால்தான் எரியும். அந்தப் பொறியைத் தருவது பிளக். விரல் நீளத்துக்கு ஒரு சாமான், மேலே பீங்கான், கீழே இரும்பு மரை. அலுமினியத்தால் ஆன என்ஜின் தலைக்குள் அது முறுக்கி உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. அலுமினியமும் இரும்பும் உப்பும் ஒரே இடத்தில் நெடுநாள் கிடந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் பானாவை மாட்டிப் பலத்தைக் காட்டினால் பிளக் சுற்றாது, ஒடியும். மேல்பாதி கையோடு வந்துவிடும், மரையுள்ள பாதி உள்ளேயே நின்றுவிடும். எர்ணாவூரில் ஒரு மெக்கானிக் அப்படி ஒருமுறை ஒடித்துவிட்டு, பாதிப் பிளக்கை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். என்ஜின் தலையையே கழற்ற வேண்டியதாயிற்று. வண்டி வாரக்கணக்கில் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வண்டியின் பிளக்கில் வேறு யாரையும் கை வைக்க நான் விட்டதில்லை.

நாங்கள் அப்போது கத்திவாக்கத்தில், உப்பங்கழிக்குப் போகும் சந்தின் முனையில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான். வடக்கே புகைபோக்கிகள் தெரியும். எந்தப் புகை எந்த ஆலையுடையது என்று யாரும் கேட்பதில்லை. நிலக்கரித் தூள் வாசனை, கருவாட்டு வாசனை, எண்ணெய் வாசனை, மழை நாளில் வரும் அழுகல் வாசனை எல்லாம் எங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் மூக்கு அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளக் மாற்றுவதற்கு அந்தக் காலையைத்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க வண்டி நின்றிருந்ததால் என்ஜின் நன்றாக ஆறியிருந்தது. சூட்டோடு கை வைத்தால் அலுமினியத்தின் மரையே பிய்ந்துகொண்டு வந்துவிடும். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடினேன், பேட்டரி ஒயரைக் கழற்றினேன். டிரைவர் சீட்டைத் தூக்கிச் சாய்த்தேன். அடியில் என்ஜின், புழுதியும் உப்புமாக.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய், கம்ப்ரஸர் குழாயை ரோட்டுக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். வண்ணாரப்பேட்டைக்காரர். எனக்கு அவர் அண்ணன் மாதிரி. வீடு கடைக்குப் பின்னாலேயே. அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்து, இன்னும் பச்சை உடம்பாகத்தான் இருந்தாள்.

"நல்லா ஊதிடு தங்கச்சி. மண்ணு உள்ள வுழுந்தா பேஜாரு" என்றார்.

பிளக் குழிகளைச் சுற்றி ஊதினேன். பிளக்கைக் கழற்றிய பிறகு ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரைக் கீறிவிடும். புழுதி மேகமாக எழுந்து அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் முதல் தடவை அந்த வாடை வந்தது.

டீ வாங்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் நின்ற இடத்திலேயே மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாமே, கேஸ் வாட வருது?"

"வால்வு மூடிக் கீது."

"மூடினா இன்னா? லைன்ல எங்கனா ஓட்டையா இருக்கும். மொதல்ல அத்தப் பாரு."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கேஸ் வண்டியில் வாடை வந்தால் முதலில் சொந்த வண்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரு குவளையில் சோப்புத் தண்ணீர் கலக்கி, வால்வைக் கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிட்டு, கேஸ் சிலிண்டரிலிருந்து என்ஜின் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவினேன். ஓட்டை இருந்தால் நுரை குமிழ் விடும். ஒன்றிலும் குமிழ் வரவில்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "நம்மளது இல்ல" என்று நிம்மதியாகச் சொன்னார்.

எனக்கு அதில் நிம்மதி இல்லை. எங்களுடையது என்றால் ஒரு நட்டை இறுக்கி நிறுத்திவிடலாம்.

வேலையைத் தொடர்ந்தேன். முதல் பிளக்கின் மேலிருந்த, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை முறுக்கி, நேராக மேலே இழுத்தேன். நீளமான ராடில் பிளக் பானாவை மாட்டிக் குழிக்குள் நேராக இறக்கினேன். துளி சாய்ந்தாலும் பீங்கான் விரிந்துவிடும். இடது கையால் ராடின் தலையை அமுக்கிக்கொண்டு வலது கையால் மெதுவாகத் திருப்பினேன். ஒரு சின்ன டிக். இளகிவிட்டது. பிறகு விரலாலேயே சுற்றி எடுத்தேன்.

இரண்டாவது கொஞ்சம் முனகியது. கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திருப்பி உள்ளே விட்டு, மறுபடி கழற்றினேன். வெளியே வந்தபோது அதன் முனை வெளிறிப் போயிருந்தது, பீங்கானில் மயிர் போல ஒரு கறுப்புக் கோடு. வண்டி உதறியதற்குக் காரணம் இதுதான் என்று வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சந்தின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருத்தி எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். இடுப்பில் கட்டிய, இறால் போடும் ஓலைப்பறியோடு, சேலையெல்லாம் சேறாக, வேகமாக வந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் தண்ணீரில் இருக்க வேண்டும். பறி காலியாக இருந்தது.

"இன்னாக்கா, அதுக்குள்ள கரையேறிட்ட?" என்றேன்.

"நான் ஏறல பொண்ணு. இறாலு ஏறுது."

"இன்னா?"

"இறாலு சேத்துல ஏறிக்கினு வருது. பெருசு, சிறுசு, அல்லாமே. துள்ளிக்கினு வந்து கரையில வுழுது. பொம்பளைங்க குண்டானு, பக்கெட்டு எட்த்துக்கினு ஓடி அள்ளிக்கினு கீறாளுங்க."

வீட்டுக்காரர் சிரித்தார். "நீயும் அள்ளிக்கினு வர்றது?"

அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் இரண்டும் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி சிவந்திருந்தன. "எனுக்குக் கை வர்ல. நான் பொறந்ததுலேந்து அந்தத் தண்ணில கெடக்குறேன். இறாலு நம்மளக் கண்டா ஓடும்யா. தானா வராது. அதுக்குத் தண்ணிக்குள்ள இருக்க முடியல."

மூன்றாவது பிளக்கில் ராடை இறக்கினேன். இறக்கிக்கொண்டிருக்கும்போது வடக்குப் பக்கம் ஏதோ ஆலையின் சங்கு ஊதத் தொடங்கியது. ஷிப்ட் மாறும் நேரமில்லை. ஊதிக்கொண்டே இருந்து, பாதியில் யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. எல்லோரும் அது மறுபடி ஊதும் என்று காத்திருந்தோம். ஊதவில்லை. அந்த அமைதியில்தான் நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. எங்கள் சந்து நாய்கள் சங்குக்கு எப்போதும் கூடவே ஊளையிடும்.

மூன்றாவது வந்துவிட்டது. அதற்குள் வாடை மாறியிருந்தது. கேஸ் மாதிரி இல்லை இப்போது. மூக்குக்குள் ஊசியை விட்டுத் திருகுகிற மாதிரி ஒரு காரம். தொண்டை அரித்தது. வீட்டுக்காரர் இருமினார். அவருக்கு ஏற்கெனவே பழுதான நெஞ்சு. கல்யாணத்துக்கு முன் கரி இறக்கும் வேலையில் இருந்தவர்.

பாய் ரோட்டைத் தாண்டி வந்தார். போனைக் காதில் வைத்தபடியே, "யாருக்கும் ஒண்ணும் தெர்ல. ஒருத்தன் ஜன்னல மூடிக்கினு உள்ளயே இருன்றான். இன்னொருத்தன் ஓடுன்றான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, கொழந்த பால் குடிக்க மாட்டேங்குது. வாந்தி எடுக்குது. வண்டி எப்பம்மா ரெடியாவும்?" என்று கேட்டார்.

அப்போதுதான் சந்தைப் பார்த்தேன். ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், ஒன்றில் மூன்று பேர், நாலு பேர். ஆட்டோ ஒன்றும் உள்ளே வரவில்லை. மற்றவர்கள் எங்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் கேட்காமலேயே சிலர் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. என்ஜின் திறந்து கிடந்தது. மூன்று குழிகள் வெறுமையாக இருந்தன, நாலாவதில் பழைய பிளக்.

நாலாவதின் மேல் ராடை வைத்தேன். அமுக்கினேன். திருப்பினேன். அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயைக் குழிக்குள் ஊற்றிவிட்டு, அது இறங்கட்டும் என்று நின்றேன். பொதுவாக இந்த இடத்தில் சாப்பிடப் போய்விடுவேன். ஒரு வேளை முழுக்க ஊற விட்டால்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும். அன்றைக்கு, பின்னால் யாரோ ஒருவர் இருமி முடிப்பதற்குள் மறுபடி ராடைப் பிடித்தேன்.

இந்த முறை அசைந்தது. கால் சுற்று. டிக் சத்தம் வரவில்லை. பழைய கதவின் கீல் போல ஒரு கிரீச். உள்ளே திருப்பிவிட்டு, மறுபடி கழற்றினேன். இன்னும் கொஞ்சம். கிரீச். அதற்குமேல் ராடு திரும்பியது, ஆனால் இறுக்கம் குறையவில்லை. பிளக் இளகும்போது கைக்கு அது தெரியும், பிடி விட்டுக்கொடுக்கும். இது வேறு. கையை எடுத்தால் ராடு தானாகக் கொஞ்சம் பின்னால் வந்தது. எங்கோ இரும்பு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் அது சுற்றவும் செய்யலாம், ஒடியவும் செய்யலாம்.

ராடைப் பிடித்தபடியே நின்றேன்.

"இன்னாமே? ஏன் நிறுத்திட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒடையிற மாதிரி கீது."

"ஒடஞ்சா ஒடையட்டும்மா!" என்று பாய் கத்தினார். அவர் என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. "ரிப்பேரு நாள பின்ன பாத்துக்கலாம். இழுத்துப் போட்டுட்டு கெளப்பு!"

"ஒடஞ்சா பாதி உள்ள மாட்டிக்கும் பாய். வண்டி எங்கயும் போவாது. இங்கயே நிக்க வேண்டியதுதான்."

அவர் பின்னால் மகள் வந்து நின்றிருந்தாள். தோளில் ஈரத் துணி போர்த்திய ஒரு சின்ன மூட்டை. அந்த மூட்டையிலிருந்து சத்தமே வரவில்லை.

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து குழிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் துண்டை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்த அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேன். கெட்டுப்போனது இரண்டாவது. அது வெளியே வந்துவிட்டது. நாலாவது பழசுதான், ஆனால் நேற்று வரைக்கும் எரிந்துகொண்டிருந்தது. அதை எடுத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

"இத்த வுட்டுடறேன்" என்றேன். "திருப்பி இறுக்கிட்டு, மத்த மூணும் புதுசு போடறேன்."

"இழுக்குமா?" என்றார் பாய்.

"மாதவரம் வரிக்கும் இழுக்கும்."

தெரிந்து சொன்னேனா என்று கேட்டால், இல்லை. நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் ராடைப் பிடுங்கியிருப்பார்.

கழற்றியதை வந்த வழியே உள்ளே திருப்பினேன். அதற்கும் முனகியது. அடியில் போய்ப் படிந்தது கையில் தெரிந்தது. அதற்குமேல் ஒரு துளியும் இறுக்கவில்லை.

புதுப் பிளக் போடுவது எடுப்பதைவிடச் சுலபம் என்று நினைப்பார்கள். அவசரத்தில் முதல் மரை மாறி உட்கார்ந்தால் அலுமினியம் வெட்டுப்பட்டுப் போகும், அதோடு கதை முடிந்தது. பிளக்கின் தலையில் ஒரு முழ ரப்பர் குழாயை மாட்டி, குழிக்குள் விட்டு, குழாயை இரண்டு விரலால் உருட்டினேன். மரை சரியாக விழுந்தால் சுலபமாக இறங்கும், இல்லையென்றால் குழாய் வழுக்கிவிடும். முதலாவது இறங்கியது. இரண்டாவது வழுக்கியது. எடுத்தேன். மறுபடி விட்டேன். மறுபடி வழுக்கியது. என் விரல் நடுங்கியதுதான் காரணம். பின்னால் ஒரு பெண் விடாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா என் பக்கத்தில் வந்து, சேறு காய்ந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது தடவை அது இறங்கியது, அடுத்து கடைசிப் பிளக்கும் இறங்கியது.

எல்லாவற்றையும் இறுக்கி, காயில்களை அமுக்கி, பேட்டரியை மாட்டி, வால்வைத் திறந்து, சீட்டைக் கீழே போட்டேன். வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை.

"இது எரியிற கேஸா?" என்று என்னைக் கேட்டார்.

காற்றில் இருப்பது என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியாது. எரியக்கூடியது என்றால் சாவியைத் திருப்புகிற பொறியே போதும். பின்னால் போய், "எல்லாரும் கொஞ்சம் எறங்கித் தள்ளி நில்லுங்க, ஸ்டார்ட் ஆனதும் ஏறிக்கலாம்" என்றேன். ஒருவரும் இறங்கவில்லை. பிள்ளையோடு ஏறியிருந்த பாயின் மகள் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வுடு கண்ணு" என்றாள் அக்கா மேலேயிருந்து. "எறங்கி எங்க போய் நிப்போம்? ஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

நான் போய் என் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, என் அப்பா செய்வதைப் பார்த்தது. சாவியைத் திருப்பினார்.

என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பிடித்தது. ஒன்றும் வெடிக்கவில்லை.

பாய் ஏறவில்லை. "கடைய மூடிட்டு என் வண்டில பின்னாலயே வரேன், நீ போ" என்று கதவில் தட்டினார். தெற்கே எக்ஸ்பிரஸ் ரோட்டில் போகத்தான் வீட்டுக்காரர் திருப்பினார், நாங்கள் தினமும் போகும் வழி. பின்னாலிருந்து அக்கா கேபினின் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். "வாடக் காத்து, வடக்கேந்து அடிக்கிது! தெக்க போனா அதுவும் கூடவே வரும். மேக்க திருப்பு!"

மேற்கே போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தது.

ஒரு சரக்கு ரயில் கேட்டின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. நகரவில்லை. கறுப்பு வேகன்கள் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை. எங்களுக்கு முன்னால் இரண்டு டேங்கர் லாரி, பின்னால் வந்து வந்து சேரும் பைக்குகள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. வட சென்னையில் கேட் மூடியிருக்கும்போது ஹாரன் அடிக்காத கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நின்ற வண்டி உதறத் தொடங்கியது. பழைய அளவுக்கு இல்லை, ஆனாலும் இரண்டு மூச்சுக்கு ஒரு விக்கல். நாலாவது. வீட்டுக்காரர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், கூடவும் விடாமல், குறையவும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அணைந்தால் மறுபடி பிடிக்குமோ என்னவோ. அவர் மூச்சு இரைந்தது. நான் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தேன். பாயின் மகள் குனிந்து அந்த ஈரத் துணிக்குள் முகத்தை விட்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. அவள் நிமிரவே இல்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் ரயில் ஒரு உலுக்கு உலுக்கி நகர்ந்தது.

கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ந்தார்கள். மணலி ரோட்டில் ஏறி, கொஞ்ச தூரம் போன பிறகு, பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி. பிறகு பெரிதாக, கோபமாக. பிள்ளை அழுதது. வீட்டுக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அழுவட்டும், நல்லா அழுவட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மாதவரத்தில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் ஆட்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பால் வண்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிவந்த கண்ணும் ஈரத் துணியுமாக இறங்கி, டீக்கடைக் குழாயில் வரிசையாக முகம் கழுவியதைப் பார்த்து, "எங்கனா தீ விபத்தா?" என்று கேட்டார்கள். அக்கா இன்னொரு கை தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளையையும் தாயையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது அந்தப் பிள்ளை ஓடுகிறது. பாய் வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். கடையை மூடும்போது பக்கத்து வீட்டில் யாரோ மயங்கிக் கிடந்ததைப் பார்த்து, அவர்களை வெளியே தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வண்டியில் ஏற்றிவிட்டுப் பிறகு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார், காற்றுதான் வந்தது. அவர் தொண்டை அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. இன்றைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இரும்பில் ஸ்பானரைத் தட்டுவார்.

மறுநாள் திரும்பிப் போனபோது சந்து முழுக்க முருங்கை மரங்கள் இலையில்லாமல் நின்றன. உதிர்ந்த இலைகள் விளிம்பில் கருகியிருந்தன. போகாமல் தங்கிவிட்டவர்கள் சிலர் வீட்டில் இறால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அக்கா வாசலில் நின்று, சாப்பிடாதீங்க என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். சிலர் கேட்டார்கள். யார் யாரோ வந்து பெட்டி மாதிரி ஒன்றை நீட்டிப் பார்த்துவிட்டு, காற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த நேரத்துக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லை. எந்த ஆலை, என்ன கசிந்தது என்பதை இதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குப் பேசினார்கள், பிறகு லோடு வந்தது, போனோம்.

நாலாவது பிளக்கைப் பிறகு ஒருநாள் எடுத்தேன். எண்ணெய் ஊற்றி, ஊற விட்டு, மறுநாள் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஊற்றி. முழுசாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரைக்கு மேலே, கழுத்துப் பகுதியில், இரும்பு முறுக்கு விழுந்து பாதிச் சுற்றுக்கு விரிசல் ஓடியிருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு உப்பங்கழிப் பக்கம் போய் எறிந்துவிட்டு வந்தார்.

வேறு இடம் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று முறை பேசினோம். துறைமுகத்தை விட்டுத் தள்ளிப் போனால் லோடு கிடைக்காது. பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. முதலில் கருவாடு வறுக்கும்போதுதான் கவனித்தேன். அடுப்பில் தீய்ந்து புகை வந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு மல்லிகை, பிறகு டீசல். மூக்குக்குள் சதை வெந்திருக்கிறது, மெல்ல மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். திரும்பவில்லை. கேஸ் வண்டியில் கை வைக்கிறவளுக்கு மூக்கு இல்லாமல் போவது என்ன என்று அந்த டாக்டருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதெல்லாம் வேலையை ஆரம்பிக்கும் முன் வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்கிறேன். "வருதா?" என்று கேட்பேன். அவர் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இல்லமே" என்பார். அதற்குப் பிறகுதான் பானாவை எடுப்பேன்.

போன வாரம் மாதவரத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு எக்ஸ்பிரஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். இரண்டு பக்கமும் கண்ணாடி இறங்கியிருந்தது, கடல் காற்று முகத்தில் அடித்தது. எனக்குக் கொஞ்சம் கண் சொக்கியது. திடீரென்று வீட்டுக்காரர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். பிறகு என் மேல் குறுக்கே சாய்ந்து, என் பக்கத்தையும் ஏற்றினார்.

"இன்னாய்யா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உனுக்கு வர்ல?"

"எனுக்கு எங்க வரும்?"

அவர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். வெளியே எல்லாம் எப்போதும் போல இருந்தது. சுவரோரத்தில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், யாராவது மூக்கைப் பொத்துகிறார்களா என்று.